தக்காளி சிவக்கும்போது பசுங்கணிகம் என்ன ஆகிறது?

தாவரவியல் இளங்கலை படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்து லைக்கோபீன் உருவாகிறது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் பசுங்கணிகம் அழிந்து வண்ணக்கணிகம் புதிதாகத் தோன்றுகிறதா? உள்ளே இருந்த புரதங்கள் எங்கே போகின்றன? பழுப்பது என்பதே அழுகலின் தொடக்கம்தானா?"

முதலில் சொற்கள். கணிகம் என்பது தாவர செல்லுக்குள் சவ்வு சூழ்ந்திருக்கும் சிறு உறுப்பு. பச்சையத்தை வைத்து ஒளிச்சேர்க்கை செய்வது பசுங்கணிகம், கரோட்டினாய்டுகள் எனப்படும் மஞ்சள், சிவப்பு நிறமிகளைச் சேர்த்து வைப்பது வண்ணக்கணிகம். லைக்கோபீன் அத்தகைய ஒரு சிவப்பு நிறமி. இனி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தெளிவு கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும். பழுப்பது அழுகல் இல்லை. அழுகும் திசு தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும். பழுக்கும் திசுவோ புதிய வேலைகளை எடுத்துக்கொள்கிறது. இதற்கான சான்று பழையது. புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு என்ற பொருளைப் பேரிக்காய்க்குள் செலுத்தியபோது காய் பழுக்க மறுத்தது. 1968-லேயே இது வெளியாகிவிட்டது. வெறும் சிதைவுதான் நடக்கிறது என்றால் புதிய புரதம் எதற்குத் தேவைப்பட வேண்டும்? பழுப்பதற்கென்றே புரதங்களைப் புதிதாகச் செய்தால்தான் காய் பழமாகும். தக்காளி சுவாசிக்கும் வேகமும் அந்த நாட்களில் குறைவதில்லை, கூடுகிறது. செலவு இருக்கும் இடத்தில் கட்டுமானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்வி. பசுங்கணிகம் அழிந்து வண்ணக்கணிகம் பிறக்கிறதா, அல்லது ஒன்றே மற்றொன்றாகிறதா? எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து நீண்ட காலமாகவே "ஒன்றே மற்றொன்றாகிறது" என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆனால் அவை நின்றுபோன படங்கள். இடையில் நடப்பதைக் காட்டாதவை. 2011-ல் பிரான்ஸின் துலூஸ் குழுவினர் உயிருள்ள தக்காளித் திசுவையே குவிய நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பச்சையத்தின் ஒளிர்வையும் கரோட்டினாய்டுகளின் ஒளிர்வையும் தனித்தனியே பிரித்துத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஒரே கணிகத்துக்குள் பச்சையம் மங்குவதும் கரோட்டினாய்டு ஏறுவதும் தெரிந்தது. இரண்டு நிறமிகளும் சேர்ந்திருந்த இடைநிலைக் கணிகங்களும் அகப்பட்டன. பழத்திலிருக்கும் வண்ணக்கணிகங்கள் முன்பு பசுங்கணிகங்களாக இருந்தவையே என்பதில் அதற்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடையை ஒட்டி அதே ஈரத்தில் உளுந்து தெளிப்பார்கள். வரப்பு அதே, மண் அதே, பயிர் வேறு. தக்காளிக் கணிகத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். வரப்பு என்று நான் சொல்வது கணிகத்தைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வை. மண் என்பது உள்ளே நிறைந்திருக்கும் ஸ்ட்ரோமாவை. அறுபடுவது தைலக்காய்டு அடுக்குகள், அதாவது ஒளிச்சேர்க்கையின் ஒளிவினை நடக்கும் சவ்வுகள்.

இதை உவமையோடு விட்டுவிட வேண்டியதில்லை, எண்ணிக்கையே இருக்கிறது. தக்காளிச் சதையிலிருந்து கணிகங்களை முழுதாகப் பிரித்தெடுப்பது சிரமமான வேலை. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்குமேல் தண்ணீர், புரதம் ஒரு பங்குதான், சாறோ புளிப்பு. அதையும் மீறி 2010-ல் அதே துலூஸ் குழு சிவந்த பழத்தின் வண்ணக்கணிகங்களில் 988 புரதங்களை அடையாளம் கண்டது. 2012-ல் முதிர்ந்த பச்சைக்காய், செங்காய், சிவந்த பழம் என்ற மூன்று பருவங்களையும் ஒப்பிட்டு, 1,932 கணிகப் புரதங்களைக் கண்டு, அவற்றுள் 1,529 புரதங்களின் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி: தைலக்காய்டுப் புரதங்கள் செங்குத்தாக, இடைவிடாமல் சரிகின்றன, உறைச்சவ்வின் புரதங்களும் ஸ்ட்ரோமாவின் புரதங்களும் மொத்தத்தில் அசையாமல் நிற்கின்றன. வீட்டை இடிக்கவில்லை, ஓர் அறையை மட்டும் காலி செய்கிறார்கள்.

அந்த அறையைத் திரும்பக் கட்டுவதற்கான கருவிகளும் அதனுடன் போய்விடுகின்றன. தைலக்காய்டுகளுக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் நுண்குமிழ்ப் போக்குவரத்து, நிறமித்தொகுப்புகளைப் பொருத்தும் துணைப்புரதங்கள், கணிகம் இரண்டாகப் பிளப்பதற்கான இயந்திரம் எல்லாமே கலைக்கப்படுகின்றன. ஆகவே பழத்தில் கணிகங்கள் பெருகுவதில்லை. பச்சைக்காயில் எத்தனை சேர்ந்தனவோ அவற்றை வைத்துத்தான் பிழைப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எதிர்பாராத ஒரு செய்தியும் உண்டு. ஒளிவினைகள் ஓய்ந்த பிறகும் சிவந்த பழத்தின் கணிகத்தில், கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியின் நொதிகள் ரூபிஸ்கோ உட்பட முழு வரிசையாகக் கிடைத்தன. அளவு குறைந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. சர்க்கரையைச் சிதைக்கும் பென்டோஸ் பாஸ்பேட் வழியின் நொதிகளும் அப்படியே இருந்தன. கொழுப்பமிலங்களிலிருந்து தக்காளி வாசனையின் ஒரு பகுதியை உண்டாக்கும் லிப்பாக்சிஜனேஸ் வழியும் முழுதாக இருந்தது. பச்சையம் செய்யும் கிளையின் நொதிகள் மட்டும் கிடைக்கவில்லை. பச்சையத்தைச் சிதைப்பவை இருந்தன.

பச்சையம் எப்படிப் போகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "புரதங்கள் எங்கே போகின்றன" என்ற உங்கள் கேள்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பச்சையம் தனியாக மிதப்பதில்லை, புரதத்தைப் பற்றிக்கொண்டே இருக்கும். பிடியிலிருந்து விடுபட்ட பச்சையத்தின் மேல் வெளிச்சம் பட்டால் தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகும். அவை செல்லையே கொன்றுவிடக்கூடும். அதனால் புரதத்தைச் சிதைப்பதும் பச்சையத்தைச் செயலிழக்கச் செய்வதும் கைகோத்து நடந்தாக வேண்டும். இந்த வேலையின் முதல் ஆணியைக் கழற்றுவது எஸ்ஜிஆர் என்ற புரதம். பச்சைய மூலக்கூறின் நடுவிலுள்ள மக்னீசியத்தை அகற்றும் நொதி அது. அதன்பின் வளையம் வெட்டப்பட்டு, நிறமற்ற துண்டுகளாகச் செல்லின் நடுவிலுள்ள பெரிய நுண்குமிழியில் (வாக்குவோல்) போய்ச் சேர்கிறது. மெண்டல் ஆராய்ந்த பட்டாணியில் விதையிலை பச்சையா மஞ்சளா என்ற பண்பு ஒன்று உண்டல்லவா? அதைத் தீர்மானிப்பதும் எஸ்ஜிஆருக்கான மரபணுதான் என்று 2007-ல் தெரியவந்தது. பாடப்புத்தகத்தில் எங்கோ தனித்திருந்த பட்டாணியும் இந்தத் தக்காளியும் அப்படிச் சொந்தக்காரர்கள் ஆயின.

தக்காளியில் எஸ்ஜிஆர் பழுதானால் பச்சையம் போகாது, ஆனால் லைக்கோபீன் வழக்கம்போல் சேரும். சிவப்பும் பச்சையும் கலந்து பழம் துருப்பிடித்த பழுப்பாகும். விதை விற்பவர்கள் "கறுப்புத் தக்காளி" என்று விற்கும் வகைகளில் பல இந்த ரகம். அந்தப் பழங்களின் கணிகத்தைப் பார்த்தால் வண்ணக்கணிகத்தின் அடையாளங்களுக்கு நடுவே கலையாத தைலக்காய்டுகளும் கிடக்கும். இதற்கு நேர் மறுபக்கத்தில் மஞ்சள் தக்காளி இருக்கிறது. அதில் கரோட்டினாய்டு வழியின் முதல் நொதியான பைட்டோயீன் சின்தேஸின் பழத்துக்குரிய வடிவம் வேலை செய்யாது. பச்சையம் முறைப்படி போய்விடும், சிவப்பு வராது. இரண்டு பழுதும் ஒரே செடியில் சேர்ந்தால்? பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் தக்காளி கிடைக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், தின்றால் பழச்சுவை, பார்த்தால் காய்.

இந்த நால்வகையைத்தான் என் பதிலின் முதுகெலும்பாக வைக்கிறேன். சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என்று நான்கு பழங்களையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால், கலைப்பதும் கட்டுவதும் தனித்தனி வேலைகள் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒன்று நின்றாலும் மற்றது நடக்கிறது. "பச்சையம் லைக்கோபீனாக மாறுகிறது" என்று சில வழிகாட்டி நூல்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்று வந்திருக்கிறது.

கட்டும் வேலையில் முதன்மையானது நான் சொன்ன பைட்டோயீன் சின்தேஸ். பழுக்கும் பருவத்தில் அதன் அளவு ஏறுகிறது, அதன்பின் வரும் நொதிகள் நிறமற்ற பைட்டோயீனைப் படிப்படியாகச் சிவந்த லைக்கோபீனாக்குகின்றன. இலையில் என்றால் லைக்கோபீன் அங்கே நிற்காது. சைக்ளேஸ் நொதிகள் அதன் முனைகளை வளையமாக்கி பீட்டா கரோட்டினாக்கிவிடும். பழத்தில் அந்த நொதிகள் அடங்கிவிடுவதால் வரிசை லைக்கோபீனிலேயே தேங்குகிறது. தேங்குவதுதான் சிவப்பு. அடங்க வேண்டிய சைக்ளேஸ் ஒன்று பழத்திலும் துள்ளிக்கொண்டிருக்கும் ரகங்களில் பழம் ஆரஞ்சு நிறமாகும்.

நொதி இருந்தால் மட்டும் போதாது, அது சரியாக மடிந்து நிற்கவும் வேண்டும். அதனால்தான் புரதக் கணக்கில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கும் புரதங்களும் பழத்தில் கூடுகின்றன. வெயில் தாக்கினால் வரும் புரதங்கள், வெயிலே இல்லாத சந்தைக் கூடைக்குள் எதற்கு? ஹெச்எஸ்பி21 என்ற சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலையில் அது ஒளிவினைத் தொகுப்பைக் காக்கிறது. பழத்தில் நிறமாற்றத்தை விரைவுபடுத்துகிறது. 2005-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தை மிகுதியாகச் செய்யும் செடிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கணிகத்துக்குள் குப்பை அள்ளும் கிளிப் என்ற புரதச் சிதைப்பியின் பங்கும் சிறிதல்ல. அதன் வேலையைக் குறைத்தால் பழம் ஆரஞ்சில் நின்றுவிடுகிறது.

கணிகத்துக்கென்று சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு என்பது தெரிந்ததே. தக்காளியில் அது சுமார் 1,55,000 கார இணைகள் நீளம். அதிலிருந்து எண்பது புரதங்கள் அளவில்தான் வரும். மற்ற ஆயிரக்கணக்கான புரதங்கள் உட்கருவின் ஆணைப்படி வெளியே செய்யப்பட்டு உள்ளே அனுப்பப்படுகின்றன. பழுக்கும்போது அந்தச் சிறு டி.என்.ஏ. என்ன செய்கிறது? ஜெர்மனியில் சபீன் காலாவும் ரால்ஃப் பாக்கும் 2008-ல் வெளியிட்ட விடை என்னை வியக்கவைத்தது. ஏறக்குறைய எல்லா மரபணுக்களின் செயல்பாடும் அடங்கிவிட, ஏசிசி-டி என்ற ஒன்று மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. கொழுப்பமிலம் செய்யும் நொதியின் ஓர் உறுப்பு அது. மொத்த மரபணுத் தொகுப்பும் அந்த ஒரு புரதத்துக்காகவே விழித்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு நிலைமை! காரணம் யோசித்தால் பிடிபடும்: லைக்கோபீனும் பிற கரோட்டினாய்டுகளும் தண்ணீரில் கரையாதவை. அவற்றை வைக்கக் கொழுப்பும் சவ்வும் வேண்டும். துலூஸ் கணக்கிலும் ஏசிசி-டி புரதம் மற்ற மாற்றங்களுக்கு முன்பே கூடுகிறது. சரக்கு வருமுன் கிடங்கு தயாராகிறது. பின்னர் கொழுப்புத் துளிகளான பிளாஸ்டோகுளோபுல்கள் பெருகுகின்றன. லைக்கோபீன் சவ்வு சூழ்ந்த நீண்ட படிகங்களாக உறைகிறது.

இன்னொரு புதிர் மிச்சமிருந்தது. வெளியிலிருந்து வரும் புரதங்கள் கணிக உறையிலுள்ள டாக் எனப்படும் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களுக்கு ஏற்ற வாசல்களையே வைத்துக்கொண்டு புதிய வகைச் சரக்கை எப்படி இறக்குவது? ஆக்ஸ்ஃபோர்டில் பால் ஜார்விஸின் குழு 2021-ல் தக்காளியை வைத்தே இதற்கு விடை கண்டது. கணிகத்தின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் எஸ்பி1 என்ற புரதம், பழைய வாசல் உறுப்புகளின் மேல், சிதைக்க வேண்டியவை என்று அடையாளமிடும் யூபிகுவிட்டின் முத்திரையைக் குத்துகிறது. முத்திரை விழுந்தவை பெயர்த்தெடுக்கப்பட்டுச் செல்லின் பொதுச் சிதைப்புக் கூடத்துக்குப் போகின்றன. எஸ்பி1-ஐக் குறைத்தால் பழுப்பது தாமதமாயிற்று, கூட்டினால் விரைவாயிற்று. வாசலை மாற்றினால் பழத்தின் வேகமே மாறுகிறது என்பது இத்துறையில் பலரும் எதிர்பாராதது. வெகுகாலம் கணிகத்தை உட்கருவின் கட்டளைக்குக் காத்திருக்கும் வேலையாள் என்றே எண்ணியிருந்தோம்.

ஆற்றல் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை வேலைக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வேண்டும், தைலக்காய்டு போன பின் ஒளியிலிருந்து அது கிடைக்காது. மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, ஆனால் வண்ணக்கணிகமே எலக்ட்ரான்களைக் கைமாற்றி, மிச்சமிருக்கும் ஏடிபி சின்தேஸ் என்ற நொதியை ஓட்டிக் கொஞ்சம் ஏடிபி செய்துகொள்கிறது என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கைப் பட்டறையின் பழைய எந்திரம் ஒன்று சுவாச வேலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

இவை அனைத்தையும் தொடங்கிவைப்பது எத்திலீன் என்ற வாயு ஹார்மோன். அதைப் பற்றி எல்லாரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் செல்கிறேன். எத்திலீனை உணரும் ஏற்பிகள் உண்மையில் தடைகள். எத்திலீன் இல்லாதவரை அவை பழுப்பதைப் பிடித்து வைத்திருக்கின்றன. எத்திலீன் வந்து சேர்ந்ததும் அந்த ஏற்பிப் புரதங்களே சிதைக்கப்படுகின்றன என்று 2007-ல் தெரிந்தது. பிஞ்சுக்கு எத்திலீன் கொடுத்துப் பலனில்லை. வியாபாரிகளின் சோதனை எளிது: காயைக் குறுக்கே அரியும்போது விதைகள் வழுக்கி விலகினால் முதிர்ந்த காய், கத்தி விதையையே அறுத்தால் முதிராதது. முதிர்ந்த காய்க்குக் கொடுத்தால் அது செடியில் நடக்கும் அதே வழியைத்தான் பின்பற்றும்.

கணிகத்துக்கு வெளியே நடக்கும் புரத மாற்றங்களில் பெயர் பெற்றது பாலிகேலக்டுரோனேஸ். பச்சைக்காயில் ஏறக்குறைய இல்லாத இந்த நொதி, பழத்தில் ஏராளமாகச் சேர்ந்து செல்சுவரைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. இதை அடக்கினால் பழம் குழையாது என்று கணக்குப்போட்டு, கால்ஜீன் நிறுவனம் 1994-ல் ஃபிளேவர் சேவர் தக்காளியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரபணு மாற்றி விற்கப்பட்ட முதல் முழு உணவுப் பொருள் அதுதான். பழத்தின் உறுதி எதிர்பார்த்த அளவு கூடவில்லை, சில ஆண்டுகளிலேயே விற்பனை நின்றது. சுவரைக் குழைய வைப்பதில் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது 2016-ல்தான் தெளிவாயிற்று. மிகுதியாக இருக்கும் புரதமே முக்கியமான புரதம் என்று எண்ணக் கூடாது என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருகிறேன்: கணிகங்களின் எண்ணிக்கை பச்சைக்காயிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நாட்டுத் தக்காளிக் காய்களில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பசுங்கணிகங்கள் அடர்ந்திருக்கின்றன. அதற்குக் காரணம் ஜிஎல்கே2 என்ற புரதம். பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்தத் தோள் இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வில் ஜிஎல்கே2 பழுதான செடிகளே நிலைத்தன என்று 2012-ல் தெரிந்தது. கணிகம் குறைந்ததால் பழத்தில் சர்க்கரையும் லைக்கோபீனும் சேர்ந்தே குறைந்தன. பெட்டியில் அழகாக அடுக்கப்பட்ட தக்காளி சப்பென்று இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இது ஓர் ஆறுதல். நாக்கு பொய் சொல்லவில்லை.

கோடையில் நம் ஊர்த் தக்காளி மஞ்சள் கலந்த ஆரஞ்சாகவே நின்றுவிடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லைக்கோபீன் சேர்வது தடைபடுகிறது, பீட்டா கரோட்டின் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. பச்சையம் போய்விடும், சிவப்பு வராது. மஞ்சள் தக்காளிக்கு மரபணு செய்வதை இங்கே சித்திரை வெயில் செய்கிறது. குளிர்பதனப் பெட்டி வேறொரு விதத்தில் கெடுக்கிறது. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழத்தில் வாசனைப் பொருள்கள் செய்யும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன, வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்புவதில்லை. நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

சிவந்தது மீண்டும் பச்சையாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வலென்சியா ஆரஞ்சு மரத்திலேயே நெடுநாள் இருந்தால் தோல் மறுபடி பச்சையாவது உண்டு. அங்கே வண்ணக்கணிகம் பசுங்கணிகமாகத் திரும்புகிறது. தக்காளிப் பழத்தில் அது வழக்கமாக நடப்பதில்லை. தைலக்காய்டு கட்டும் கருவிகளே கலைந்துவிட்டன என்று மேலே பார்த்தோம்.

இவற்றில் ஒரு பகுதியை உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கலாம், சாயம்கூட வேண்டாம். அடிப்பக்கம் மட்டும் லேசாக நிறம் மாறியிருக்கும் செங்காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோலை உரித்து, அதன் அடியிலுள்ள சதையைச் சவர பிளேடால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலின் ஒரு துளியில் வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் கணிகங்கள் ஊதி உருமாறிவிடும். நானூறு மடங்கில் பாருங்கள். ஒரே செல்லுக்குள் உருண்டையான பச்சைக் கணிகங்களும், நீண்டு ஊசிபோல் சிவந்தவையும் அருகருகே கிடக்கும். இரண்டு நிறமும் ஏறிய கணிகம் ஏதாவது ஒன்று அகப்படும்வரை தகட்டைப் பொறுமையாக நகர்த்துங்கள்.